ஓவியர் பணிக்கரும் சோழமண்டல ஓவியர் கிராமமும்

நம் முன்னோர் கலைகளை அறுபத்து நான்கு என எண்ணி வைத்தனர். அவற்றுள் ஓவியமும் ஒன்று. ஆயினும் ஒரு பெண் நன்றாகப் படம் வரைகிறாள் என்றால், "நல்ல கை" என்று மெச்சிவிட்டு, அதே மூச்சில் "இது சோறு போடுமா?" என்று கேட்பதே நம் வீடுகளின் வழக்கம். பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. மேல்நிலையில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இதுவும் கூடவே எழுகிறது. எங்கள் வகுப்பில் அழகாக வரையும் தோழியர் இருவர் உள்ளனர். இருவருமே இக்கேள்விக்குத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இக்கேள்வியைக் கேட்டுச் சினம் கொள்ளாமல், நியாயமான கேள்வி என்றே ஏற்றுக்கொண்டு, கடற்கரையில் நிலம் வாங்கி வீடு கட்டி அதற்கு விடை கூறிய ஓர் ஓவியர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் கே.சி.எஸ். பணிக்கர். எங்கள் ஓவிய ஆசிரியை அவரைப் பற்றி வகுப்பில் கூறியதன் பின், நாங்கள் நூலகத்தில் தேடிப் படித்தவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

இளமையும் தந்தி அலுவலகமும்

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. அங்குள்ள தோப்புகளும் நீர்நிலைகளும் பசிய வயல்களும் அவர் கண்ணில் சிறு வயதிலேயே பதிந்துவிட்டன. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டத் தொடங்கினார். பதினேழு வயதில் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. எங்களைவிட இரண்டே வயது மூத்தவராய் இருந்தபோது என்பதை எண்ணிப் பார்க்க வியப்பாக உள்ளது.

ஆனால் வியப்பு அத்துடன் நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, குடும்பத்தைத் தாங்கும் பொருட்டு அவர் தந்தித் துறையில் வேலைக்குச் சேர வேண்டியதாயிற்று. தந்தி என்றால் என்னவென்று எங்கள் வயதினர் கண்டதில்லை. 2013-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் அச்சேவை முடிந்துவிட்டது. அவர் காலத்தில் அது மதிப்புக்குரிய அரசாங்க வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். எந்தப் பெற்றோரும் அதை விட்டுவிடச் சொல்லமாட்டார்கள். பணிக்கர் சில ஆண்டுகள் அவ்வேலையைப் பார்த்தார். பின்னர் அதை உதறிவிட்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், 1936-இல், சென்னை எழும்பூரில் இருந்த அரசு கலை மற்றும் கைத்தொழில் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். உடன் பயில்வோர் பலர் தம்மைவிட இளையவராய் இருக்க, சம்பளத்தை விட்டுவிட்டுப் பெஞ்சில் போய் அமர எவ்வளவு துணிவு வேண்டும்! பின்னாளில் தம் மாணவர்களின் வயிற்றுப் பாட்டைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டதற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து.

சென்னை ஓவியப் பள்ளி

அப்பள்ளியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது அது. தச்சு, உலோக வேலை, மண்பாண்டம் போன்ற கைத்தொழில்களைக் கற்பிப்பதே அதன் முதல் நோக்கம். ஓவியம் ஒரு தனிக் கலையாக அங்கு உயர்ந்தது, தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பின்னரே. அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். மெரீனா கடற்கரையில் நான்கு தொழிலாளர் பெரும் பாறையை நெம்பிப் புரட்டும் 'உழைப்பாளர் சிலை'யைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர் அவரே.

ராய் சௌத்ரியிடம் பயின்ற பணிக்கர், 1941-இல் அதே பள்ளியில் ஆசிரியரானார். ராய் சௌத்ரிக்குப் பின் 1957-இல் அதன் முதல்வராகவும் ஆனார். 1967 வரை அப்பதவியில் இருந்தார். சிற்பத்தில் எஸ். தனபால், ஓவியத்தில் எல். முனுசாமி போன்ற ஆசிரியர்கள் அவருடன் பணியாற்றினர். அக்காலத்தில் அப்பள்ளியில் உருவான கலைஞர் கூட்டத்தையே இன்று 'சென்னை இயக்கம்' என்று கலை அறிஞர் குறிப்பிடுகின்றனர்.

படம் வரைவது ஒரு வேலை. வரைந்த படத்தை நாலு பேர் பார்க்க வைப்பது இன்னொரு வேலை. அக்காலத்துச் சென்னையில் படம் மாட்டக் கூடம் தேடுவதே பெரும்பாடு. எனவே 1944-இல் பணிக்கர் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து 'முற்போக்கு ஓவியர் சங்கம்' ஒன்றை நிறுவினார். சென்னையில் மட்டுமன்றி, பிற பெருநகரங்களுக்கும் மாணவர்களின் படங்களைக் கொண்டு சென்று காட்சிக்கு வைத்தது அச்சங்கம். பின்னர் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற கலை இதழும் வெளிவந்தது.

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. துருக்கி நாட்டில் உஸ்மான் ஹம்தி பே (1842–1910) என்ற ஓவியர் இருந்தார். பாரிசுக்குச் சட்டம் படிக்கப் போய் ஓவியராகத் திரும்பியவர். ஆமைகளைப் பழக்கும் முதியவரைப் பற்றிய அவருடைய 1906-ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. அவரும் படத்தோடு நிற்கவில்லை. இஸ்தான்புல் நகரில் அருங்காட்சியகத்தை வளர்த்து, அந்நாட்டின் முதல் நுண்கலைப் பள்ளியையும் தொடங்கி வைத்தார். முதலில் வருகிற ஓவியர் வண்ணம் குழைப்பதோடு சுவரும் எழுப்ப வேண்டியிருக்கிறது போலும்.

கணக்கு நோட்டில் கண்ட ஓவியம்

பணிக்கரின் படங்களைப் பற்றி இனிச் சொல்வோம். தொடக்கத்தில் அவர் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளையே தீட்டினார். பின்னர் மனித உருவங்களைத் தீட்டினார். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் சமாதானம் செய்வோரைப் பற்றி அருளிய வாக்கையே பெயராகக் கொண்ட ஓவியம் ஒன்றை 1951-இல் வரைந்துள்ளார் என்பதை அறிந்து எங்கள் சிஸ்டர் மிகவும் மகிழ்ந்தார்கள்.

1954-இல் இலண்டனிலும் பாரிசிலும் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே மேனாட்டாரின் புதிய ஓவியங்களை நேரில் கண்டார். அதன் பின் அவரை ஒரு கேள்வி விடாமல் பற்றிக்கொண்டது. அவர்களைப் போலவே நாமும் வரைவதென்றால் நாம் எதற்கு? அஜந்தாவையே திரும்பத் திரும்ப வரைவதென்றால் இக்காலத்தில் பிறந்தது எதற்கு? நம் மண்ணுக்குரியதாகவும் இக்காலத்துக்குரியதாகவும் ஒரு வழி உண்டா?

விடை கிடைத்த விதம் எங்களைப் போன்ற மாணவியர்க்கு மிகவும் பிடிக்கும். 1963-ஆம் ஆண்டளவில் கணிதம் பயிலும் ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகப் பக்கம் ஒன்று பணிக்கரின் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், இயற்கணிதக் குறிகள், கோடுகள் எல்லாம் அப்பக்கத்தில் நெருங்கிக் கிடந்தன. கணக்குச் சரியா தவறா என்று அவர் பார்க்கவில்லை. பக்கம் முழுவதும் ஒரு படமாகவே அவருக்குத் தெரிந்தது! (எங்கள் நோட்டுகளையும் இப்படிப் பார்ப்பவர் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.) முதலில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் கொண்டு தீட்டினார். விரைவிலேயே அவற்றை விட்டுவிட்டுத் தம் தாய்மொழியாகிய மலையாளத்தின் வளைந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டார். அவற்றோடு ஜாதகக் கட்டங்களும், கோணங்களும் வட்டங்களும், மீன், பறவை, பாம்பு போன்ற சிற்றுருவங்களும் சேர்ந்தன. 'சொற்களும் குறியீடுகளும்' என்ற பெயரால் புகழ்பெற்ற வரிசை இதுதான். தம் இறுதிக் காலம் வரை இவ்வழியிலேயே அவர் வரைந்தார்.

அப்படங்களின் அச்சுப் பிரதிகளை ஆசிரியை காட்டியபோது, நாங்கள் எல்லோரும் குனிந்து எழுத்தைப் படிக்க முயன்றோம். மலையாளம் அறிந்த ஒரு தோழியும் முயன்றாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிடிபடாததில் வியப்பில்லை என்று பிறகே அறிந்தோம். அவை பொருள் கொள்வதற்காக எழுதப்பட்டவை அல்ல, பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. பழைய ஓலைச் சுவடியையோ கல்வெட்டையோ பார்க்கும்போது, படிக்கத் தெரியாவிட்டாலும் யாரோ எதையோ நமக்குச் சொல்கிறார் என்ற எண்ணம் தோன்றுமல்லவா? அந்த உணர்வையே அவர் வண்ணத்தில் பிடித்தார். மதுரைக்காரருக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்திலேயே கீழடி இருக்கிறது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்துகளோடு, இன்னும் எவராலும் முடிவாகப் படிக்கப்படாத கீறல் குறிகளும் உள்ளன. பணிக்கர் கீழடியைக் கண்டவரல்லர். அங்கு அகழாய்வு தொடங்கியதே 2015-இல்தான். ஆனால் அக்கீறல்களைக் கண்டிருந்தால் நெடுநேரம் அங்கேயே நின்றிருப்பார்.

பிழைக்கும் வழி

இனி நாங்கள் முதலில் கூறிய கேள்விக்கு வருவோம். முதல்வராக இருந்தபோது பணிக்கர் ஆண்டுதோறும் ஒன்றைக் கண்டார். நல்ல மாணவர்கள் தேறி வெளியே போவார்கள். படங்களை வாங்குவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஓரிரு ஆண்டுகள் திண்டாடிவிட்டு ஏதாவது ஒரு வேலையில் அமர்வார்கள். பிறகு தூரிகையைத் தொடமாட்டார்கள். கற்பித்த ஆசிரியருக்கு இதைவிட வருத்தம் வேறென்ன?

"கலைக்காகத் தியாகம் செய்யுங்கள்" என்று அவர்களுக்கு உபதேசித்திருக்கலாம். பணிக்கர் அப்படிச் செய்யவில்லை. பள்ளியிலேயே கைத்தொழில் பிரிவும் இருந்ததல்லவா? படம் விற்காது, ஆனால் அழகான துணியும் உலோகப் பொருளும் விற்கும். ஆகவே நாளில் ஒரு பகுதி வயிற்றுக்காகக் கைத்தொழில், மறு பகுதி மனத்துக்காக ஓவியம் என்று வகுத்துக்கொண்டால் என்ன? இவ்வெண்ணத்தில் ஓவியர்களின் கைத்தொழில் சங்கம் ஒன்று உருவாயிற்று.

அவர்கள் செய்த பொருள்களுள் முதன்மையானது பாத்திக் துணி. பலருக்கு அதன் செய்முறை தெரிந்திராது. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, அதைச் சாயத்தில் தோய்ப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பின்னர் இன்னோர் இடத்தில் மெழுகிட்டு, அடர்ந்த வேறொரு சாயத்தில் தோய்ப்பார்கள். இவ்வாறு வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடித்து, இறுதியில் வெந்நீரில் இட்டால் மெழுகு உருகி வெளியேறிவிடும். மெழுகு ஆங்காங்கே விரிசல் கண்ட இடங்களில் சாயம் கசிந்து மெல்லிய நரம்புகள் போல ஓடியிருக்கும். பாத்திக்கின் அழகே அதில்தான். நம் மதுரைச் சுங்குடியும் இதற்கு உறவுதான் என்று எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி விளக்கினார். சுங்குடியில் மெழுகுக்குப் பதில் நூலால் இறுகக் கட்டிய முடிச்சு. முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத புள்ளி. அறிவு ஒன்றுதான், கருவிதான் வேறு.

ஓவியர் கையால் ஆன பாத்திக் என்பதால் மக்கள் விரும்பி வாங்கினர். வந்த பணத்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தனர். 1966-ஆம் ஆண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரமாக ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. சோழர் ஆண்ட கடற்கரையாதலால் சோழமண்டலம் என்று பெயரிட்டனர். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைவோர்க்கு அது நகரத்தின் நடுவே உள்ள இடம். அன்றோ மணலும் சவுக்கும்தான். மின்விளக்கு இல்லை. பேருந்து வசதி மிகக் குறைவு. முதலில் எளிய கொட்டகைகள் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினர். பிறகு ஒவ்வொருவராகத் தம் தம் மனையில் வீடு கட்டினர்.

நாங்கள் மிகவும் மதிப்பது இதைத்தான்: அது ஒருவர் தந்த தர்ம நிலமன்று; அரசாங்க விடுதியுமன்று. ஓவியர்கள் தாங்களே உழைத்துச் சேர்த்த பணத்தில், தங்களுக்கே உரிமையாக்கிக்கொண்ட மண். ஏறத்தாழ முப்பது, நாற்பது கலைஞர் அதில் சேர்ந்தனர். தமிழர், மலையாளி, கன்னடர், ஆந்திரர் என்ற வேற்றுமையும் அங்கில்லை. சில ஆண்டுகளிலேயே கிராமம் தன் காலில் நின்றது.

அங்கு வாழ்ந்தவர்கள்

அங்கிருந்தவர் அனைவரையும் பற்றி எழுத இம்மலரில் இடம் போதாது. எங்கள் மனத்தைத் தொட்டவர் சிலரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

பி.வி. ஜானகிராம் தாமிரத் தகட்டை அடித்து உருவம் செய்தார். கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் கவசம் முன்புறம் மட்டும் அழகுடன் விளங்குவதைக் கண்டு, அதே முறையில் தம் சிற்பங்களை அமைத்தார். ஜே. சுல்தான் அலி கிராமத்துத் தெய்வங்களையும் காளைகளையும் தம் படங்களில் கொண்டு வந்தார். கோச்சடை அய்யனார் கோயிலைத் தினமும் கடந்து பள்ளிக்கு வரும் எங்களில் சிலருக்கு, இப்படங்களைப் பார்த்த பிறகுதான் அந்தக் கண் பிதுங்கிய காவல் உருவங்களை நின்று கவனிக்கத் தோன்றியது. அவற்றைச் செய்த வேளார் கையும் ஓவியர் கைதானே.

பெண்களும் இருந்தனர். அனிலா ஜேக்கப் சிற்பம் செய்தார். சிற்பம் என்றால் உளி, சுத்தியல், நெருப்பு. பெண்ணால் ஆகாது என்று நினைப்போர் இவரைப் பற்றிப் படிக்க வேண்டும். அர்னவாஸ் என்ற ஓவியரும் அங்கு வாழ்ந்து வரைந்தார்.

கே. இராமானுஜத்தைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். பேச்சு அவருக்கு எளிதாக வராது. மன நோயும் வருத்தியது. பள்ளிப் படிப்பு ஏறவில்லை. இத்தகைய பிள்ளையை ஒன்றுக்கும் உதவாதவன் என்று ஒதுக்குவதே உலக வழக்கு. பணிக்கர் அவர் வரைந்ததைப் பார்த்தார். ஓவியப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். பின்னர் சோழமண்டலத்திலும் அவருக்கு இடமளித்தார். மாட மாளிகைகள், சிறகு முளைத்த உருவங்கள், பாம்புகள், இவற்றின் நடுவே தொப்பி அணிந்து உலவும் ஒரு சிறு மனிதர் என்று, கறுப்பு மையில் இழை இழையாக ஒரு கனவு உலகத்தையே அவர் வரைந்தார். அத்தொப்பிக்காரர் அவரேதான். 1973-ஆம் ஆண்டு, இளம் வயதிலேயே அவர் மறைந்தார். கிராமம் அவருக்கு இருக்க இடம் தந்தது. அவர் துயரத்தை அதனாலும் முற்றிலும் ஆற்ற முடியவில்லை. ஆயினும் அந்த இடம் இல்லாதிருந்தால் அப்படங்களுள் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திருக்குமா?

பிற்காலம்

1967-இல் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பணிக்கர், சோழமண்டலத்திலேயே தங்கி வரைந்து வந்தார். 1976-இல் மத்திய லலித் கலா அகாதெமி அவரைத் தன் உயரிய உறுப்பினராகச் சிறப்பித்தது. 1977 சனவரியில், தம் அறுபத்தைந்தாம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஒரு கலைக்கூடம் 1979 முதல் விளங்குகிறது. அவருடைய மகன் எஸ். நந்தகோபால் சிறந்த உலோகச் சிற்பியாகி, கிராமப் பொறுப்பையும் நெடுங்காலம் சுமந்தார். அவரும் 2017-இல் மறைந்தார்.

தொடங்கிய தலைமுறையில் பலர் இன்று இல்லை. ஓவியரின் பிள்ளைகள் எல்லோரும் ஓவியராக வேண்டும் என்பதும் இல்லை. பாத்திக் விற்று வாழவேண்டிய தேவையும் நாளடைவில் குறைந்துவிட்டது. படங்களையே வாங்குவோர் பெருகினர். 2009-இல் அங்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒரே கூரையின் கீழ் அங்குக் காணலாம். சென்னைக்குச் செல்லும் பெற்றோர், கடற்கரையும் மாமல்லபுரமும் பார்க்கும் வழியில் இங்கும் இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இரண்டிற்கும் இடையே இதே சாலையில்தான் இருக்கிறது.

பணிக்கர் படித்து, கற்பித்து, முதல்வராயிருந்த பள்ளி இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக அதே எழும்பூர்ப் பகுதியில் நடைபெறுகிறது. கும்பகோணத்திலும் அத்தகைய அரசு கல்லூரி உண்டு. மேல்நிலைக் கல்வி முடித்தோர் அங்கு நான்காண்டுப் பட்டம் பயிலலாம். சேரும் முன் கையால் வரைந்து காட்டும் தேர்வும் உண்டாம். எங்கள் தோழியர் இருவருள் ஒருத்தி இவ்விவரங்களை ஒரு தாளில் எழுதி வீட்டிற்கு எடுத்துச் சென்றிருக்கிறாள். அவள் அப்பா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. "சுங்குடிக்குச் சாயம் போடவும் அங்கே சொல்லித் தருவார்களா?" என்று அம்மா மட்டும் கேட்டிருக்கிறார்கள்.